ரேட்டிங் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் நிறுவனங்களில் சம்பளத்தையும் ரேட்டிங்கையும் முடிவு செய்யும் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த அப்ரைசல் (ஆண்டு மதிப்பீடு) சுற்றுக்கான படிவங்கள் தயாராகிக்கொண்டிருக்கும். அவை வருவதற்கு முன் ஒரு கோரிக்கை. ஒரே டீமில் சேர்ந்து வேலை செய்கிறவர்களை ஒருவருக்கு எதிராக ஒருவரை வரிசைப்படுத்தி, அந்த வரிசையின்படி சம்பள உயர்வு தருவதை நிறுத்துங்கள்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததில்லை. ஒருவர் டிசைன் போடுகிறார், இன்னொருவர் கோட் எழுதுகிறார். ரிவியூவில் மூன்றாமவர் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார். டெஸ்டர் இன்னொன்றைக் கண்டுபிடிக்கிறார். ரிலீஸ் அன்று நள்ளிரவில் சர்வர் விழுந்தால், ஆன்-காலில், அதாவது அவசர அழைப்புக்குத் தயாராக, இருப்பவர் எழுந்து தூக்கி நிறுத்துகிறார். ஊர் கூடி இழுத்த தேரில் யார் கை எத்தனை அடி இழுத்தது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைத்தான் அப்ரைசல் என்கிறீர்கள்.

அதிலும் பெல் கர்வ்: சிலர் மேலே, பெரும்பாலோர் நடுவில், சிலர் கட்டாயம் கீழே என்று ரேட்டிங்கைப் பங்கிடும் மணி வடிவ வளைவு. நூறு பேரை வடிகட்டி எட்டுப் பேரை வேலைக்கு எடுக்கிறீர்கள். எடுத்த பிறகு அந்த எட்டுப் பேரும் குலுக்கல் முறையில் வந்து சேர்ந்தவர்கள் மாதிரி, ஒருவராவது கடைசித் தட்டில் இருந்தே ஆகவேண்டும் என்கிறீர்கள். பல்லாயிரம் பேரை அளந்தால் ஓரளவு தென்படக்கூடிய ஒரு வடிவத்தை எட்டுப் பேர் மேல் திணிப்பதற்குப் புள்ளியியலில் இடமில்லை. அந்தக் கடைசித் தட்டுக்கு யாரைத் தள்ளலாம் என்று மேலாளர்கள் ரேட்டிங்குகளை ஒப்பிட்டு இறுதி செய்யும் கேலிப்ரேஷன் கூட்டத்தில் நடக்கும் பேரத்தை நீங்களும் ரசித்துச் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைவிடப் பெரிய சேதம் நடத்தையில் நடக்கிறது. பக்கத்தில் இருப்பவர் ஒரு பக்கில் (கோட் பிழையில்) மாட்டிக்கொண்டு உதவி கேட்கிறார். நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்து தருகிறேன். அந்த வேலைக்கான பதிவு, டிக்கெட், அவர் பெயரில் மூடப்படுகிறது, என் டிக்கெட் ஒரு நாள் தள்ளிப்போகிறது. ஒப்பீட்டு ரேட்டிங்கில் அவர் ஒரு படி ஏறினார், நான் ஒரு படி இறங்கினேன். உதவி செய்ததற்கு அபராதம்! இதை இரண்டு சுற்று பார்த்தவர் மூன்றாவது முறை "கொஞ்சம் பிஸி" என்றுதான் சொல்வார். கோட் ரிவியூ நாள்கணக்கில் தேங்குவதும், ஒரு மாட்யூலின் ரகசியம் ஒரே தலைக்குள் பூட்டிக் கிடப்பதும் பாதி இதனால்தான். பிறகு 'டீம் ஒர்க்' பற்றி ஒரு பயிற்சி வகுப்பு வைப்பீர்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், மேலே 20, நடுவில் 70, கீழே 10 சதவீதம் என்று ஊழியர்களைப் பிரித்து, கடைசிப் பத்து சதவீதத்தை வெளியேற்றச் சொன்னார். பல நிறுவனங்கள் அதைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொண்டன. ஜெனரல் எலெக்ட்ரிக்கே பின்னாளில் அதைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் தன் வரிசைப்படுத்தும் முறையை நிறுத்தியது. அந்த முறை இருந்தவரை, திறமைசாலிகள் இன்னொரு திறமைசாலியோடு ஒரே டீமில் சேரத் தயங்கினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்களே பத்திரிகைகளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, மேலாளரின் அபிப்பிராயம் வேண்டாம், எண்களை வைத்து அளப்போம் என்று சிலர் டாஷ்போர்டு பக்கம் போகிறார்கள். 1982 வாக்கில் ஆப்பிளில் லிசா கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, வாரம் எத்தனை வரி கோட் எழுதினீர்கள் என்று படிவம் நிரப்பச் சொன்னார்கள். அங்கே நிரல் எழுதிக்கொண்டிருந்த பில் அட்கின்சன் அந்த வாரம் படம் வரையும் நிரலின் ஒரு முக்கியப் பகுதியைத் திருத்தி எழுதி, வேகத்தைப் பல மடங்கு கூட்டி, ஏறக்குறைய 2,000 வரிகளைக் குறைத்திருந்தார். படிவத்தில் -2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இன்று வரிகளுக்குப் பதில் கமிட் (கோட் மாற்றப் பதிவு), டிக்கெட், ஸ்டோரி பாயிண்ட். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீமே மதிப்பிட்டுத் திட்டமிடுவதற்காக வந்த ஸ்டோரி பாயிண்டைச் சம்பளத்தோடு முடிச்சுப் போட்டால், போன மாதம் 3 ஆக இருந்த வேலை இந்த மாதம் 8 ஆகும். யாரையும் குறை சொல்ல முடியாது.

மேலாளரின் பார்வை மட்டும் நம்பகமானதா? ஸ்கல்லன், மவுண்ட், கோஃப் ஆகிய மூவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு 4,000-க்கும் அதிகமான மேலாளர்கள் பெற்ற மதிப்பெண்களை அலசியது. மதிப்பெண்களில் இருந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல், மதிப்பெண் போட்டவரின் தனிப்பட்ட போக்கிலிருந்து வந்தது. அப்படியென்றால் என் ரேட்டிங் என்னைவிட என் மேனேஜரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

சம்பளத்தை எதை வைத்துத்தான் முடிவு செய்வது என்று கேட்பீர்கள். பதவி நிலையை வைத்து. ஒவ்வொரு நிலையிலும் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஜூனியரை வளர்ப்பது, ரிவியூ செய்வது, ஆவணம் எழுதுவது எல்லாம் அதில் வேலையாகவே இடம்பெறட்டும். ஒவ்வொரு நிலைக்கும் சம்பள வரம்பு வைத்து, அதை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். நிலை உயர்வை, கூட வேலை செய்தவர்களின் எழுத்துபூர்வ சாட்சியத்தோடு ஒரு குழு முடிவு செய்யட்டும். ஆண்டு உயர்வு அந்த நிலையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் இருக்கட்டும். போனஸ் உண்டென்றால் டீமுக்கு மொத்தமாக. ஆன்-காலுக்குத் தனியாகப் பணம். குறைநிறை பேசும் உரையாடலைச் சம்பள மாதத்திலிருந்து பிரித்துவிடுங்கள். பணம் மேசையில் இருக்கும்போது எவரும் தன் பலவீனத்தைப் பேசமாட்டார்.

வரம்பை வெளியிடுவதில் ஒரு சிக்கலும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், சக ஊழியர்களின் சம்பளத்தைத் தெரிந்துகொண்ட பிறகு குறைவாக வாங்குபவர்களின் மனநிறைவு சரிந்தது. அதிகம் வாங்குபவர்களுக்குப் பெரிய சந்தோஷமும் வரவில்லை. அதனால் முதலில் அநியாயமான இடைவெளிகளைச் சரிசெய்யுங்கள், அப்புறம் வெளியிடுங்கள். புதிதாகச் சேர்பவருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, அவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பழைய ஆளுக்குக் கிள்ளிக் கொடுப்பதுதான் அந்த இடைவெளிகளில் மிக மோசமானது. உள்ளே இருப்பவர் சம்பளம் உயர ராஜினாமா கடிதம் ஒன்றே வழி என்றால், ஒரு நாள் அதை நிஜமாகவே கொடுத்துவிட்டுப் போவார்.

வேலை செய்யாதவர் எப்படிச் சிக்குவார் என்ற கவலை நியாயமானது. ஆனால் அவர் யார் என்று டீமுக்கு மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருக்கும். அவரோடு அந்த மாதமே உட்கார்ந்து பேசுவது மேனேஜரின் வேலை. ஆண்டு முடிவு வரை காத்திருந்து ஒரு எண்ணால் சொல்வது அந்தச் சங்கடத்தைத் தள்ளிப்போடும் வழி மட்டுமே. அபாரமாகச் செய்பவருக்கோ நிலையை உயர்த்துங்கள், தாமதிக்காமல்.

ஒரேயடியாக மாற்ற முடியாது என்பது புரிகிறது. வரும் சுற்றில் இரண்டு டீம்களை மட்டும் பெல் கர்விலிருந்து விலக்கி வையுங்கள். ரிவியூ எவ்வளவு நேரம் தேங்குகிறது, யார் விலகிப் போகிறார்கள் என்பதை ஓராண்டு கவனியுங்கள். எந்த இரண்டு டீம் என்பதைப் படிவங்கள் அனுப்பும் அதே மின்னஞ்சலில் தெரிவித்தால் போதும். முடியாதென்றால் காரணத்தையும் அதிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் படிவத்தை ஆண்டுதோறும் நிரப்பும் ஒரு டெவலப்பர்