பழக்கம் இல்லாதவர் நாக்கிலும் புண் ஆறாமல் இருக்கும்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணைப் புற்றுநோயா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் துறைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நடைமுறையில் அதற்கு முன்பே வேறொரு கேள்வி வந்து வழியை மறிக்கிறது: "புகையிலை போடுவீங்களா? குடி உண்டா?"

என் அக்கா இரண்டுக்கும் இல்லை என்றார். நாக்கின் ஓரத்தில், உடைந்த கடைவாய்ப்பல் உரசும் இடத்தில் புண். "பழக்கம்தான் எதுவும் இல்லையே, பயப்படாதீங்க" என்று பி-காம்ப்ளக்ஸ் மாத்திரையும் தடவ ஜெல்லும் கொடுத்து அனுப்பினார்கள், ஒரு தனியார் கிளினிக்கில். புண் ஆறவில்லை, மாத்திரைதான் மாறிக்கொண்டிருந்தது. கழுத்தில் கட்டி தெரிந்த பிறகே, சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி. நாக்கில் புற்று என்று வந்தது.

பாதி நாக்கை எடுத்துவிட்டு, முன்கைச் சதையை வைத்துத் தைத்தார்கள். அதைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டார். அந்தக் கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை. புது டாக்டர், புது கேஸ் ஷீட், அதே கேள்வி. பேச்சு வராத நாட்களில் நோட்டில் 'இல்லை' என்று எழுதிக் காட்டினார். அதைப் படித்த பயிற்சி மருத்துவர் என் பக்கம் திரும்பி, "வீட்டுக்குத் தெரியாம ஏதாவது போடுவாங்களோ?" என்றார். அக்கா நோட்டைத் திரும்ப வாங்கி, எழுதியதன் கீழே அழுத்திக் கோடு போட்டார். டாக்டரே இப்படிக் கேட்டால் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஊர் வாய்ப்புற்றில் பெரும்பகுதி புகையிலையால் வருவதுதான். ஆனால் 'இல்லை' என்ற பதில், புண்ணைப் பார்க்காமல் அனுப்பிவிடுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. ஆறாத புண் யாருக்கு இருந்தாலும் பயாப்சிக்கு அனுப்புங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

டான்சிலிலும் அடிநாக்கிலும் வரும் புற்றுக்கு எச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸும் காரணம். அதே வைரஸால் வரும் கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி அறிவித்தீர்கள், நன்றி. பையன்களுக்குத் தொண்டை கிடையாதா? வெறும் பாக்கையே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று வரவழைப்பது உறுதி என்ற பிரிவில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே சேர்த்துவிட்டது. இங்கே பெட்டிக்கடையில் வாசனைப் பாக்குப் பொட்டலம் சரம்சரமாகத் தொங்குகிறது. புகையிலை இல்லாததால் அது தின்பண்டக் கணக்கில் போய்விட்டது. சினிமா தொடங்குமுன் சிகரெட்டைத் திட்டிவிட்டால் நம் கடமை முடிந்தது, இல்லையா?

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒரே ஒரு சுற்றறிக்கை. பழக்கம் உண்டோ இல்லையோ, இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணுக்குப் பயாப்சி. உரசும் பல் இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு, நோயாளியைக் கட்டாயம் திரும்ப வரச்சொல்லிப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களோடு நிறுத்தாமல் தனியார் கிளினிக்குகளுக்கும் பல் மருத்துவர்களுக்கும் அதை அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் தம்பி