வென்ற வழக்கின் செலவு யார் தலையில்?

தமிழ்நாடு தொழிலாளர் நலத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை நடத்துகிறேன். எங்களிடம் வேலை பார்த்த ஒருவர் தானாகவே நின்றுவிட்டு, அப்புறம் காரணமில்லாமல் நிறுத்திவிட்டோம் என்று லேபர் கோர்ட்டுக்குப் போனார். அன்றிலிருந்து வேலையே கிடைக்கவில்லை, வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பின்சம்பளம் வேண்டும் என்று கேட்டார். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பதிவை வரவழைத்துப் பார்த்தால், அதே காப்பீட்டு எண்ணுக்கு அடுத்த மாதமே வேறொரு பட்டறை சந்தா கட்டியிருக்கிறது. வழக்கு தள்ளுபடியானது. உத்தரவின் கடைசி வரி: ‘செலவுத்தொகை இல்லை.’ அதாவது, வழக்குக்கு நான் செய்த செலவை எதிர்த்தரப்பு தர வேண்டியதில்லை.

வக்கீல் பீஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். வாய்தாவுக்கு வாய்தா நானும் சூப்பர்வைசரும் கோர்ட்டில் போய் உட்கார்ந்தால், அன்றைக்குப் பட்டறையில் பாதி வேலை நின்றுபோகும்.

இத்தனைக்கும் சட்டத்தில் வழி இருந்தது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், 11(7) பிரிவில், யார் யாருக்கு எவ்வளவு செலவுத்தொகை தர வேண்டும் என்று முடிவு செய்யும் முழு அதிகாரத்தை லேபர் கோர்ட்டுக்கே தந்தது. தராவிட்டால் நிலவரி பாக்கியைப் போல அரசே வசூலித்துக் கொடுக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் என் வழக்கில் அந்த அதிகாரம் பயன்படவில்லை.

செலவு திரும்பி வராது என்று தெரிந்ததால்தான் “எதையாவது கொடுத்து முடிச்சிடுங்க” என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொய் வழக்குக்கும் காசு, நியாயமான வழக்குக்கும் அதே அரைகுறைக் காசு. உண்மையிலேயே வேலை பறிபோனவருக்கு இதனால் என்ன லாபம்?

தோற்ற தொழிலாளி எல்லோரும் முதலாளியின் வக்கீல் பீஸைக் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படி வந்தால் ஏழைத் தொழிலாளி கோர்ட் படியே ஏற மாட்டார். அது பெரிய அநியாயம். தெரிந்தே பொய் சொன்னவர், ஆவணத்தை மறைத்தவர், வேண்டுமென்றே வாய்தா வாங்கி இழுத்தடித்தவர் ஆகியோர் மட்டும் செலவைத் தரட்டும். முதலாளியாக இருந்தாலும் சரி. சம்பளப் பதிவேட்டை ஒளித்து வைத்து வருஷக்கணக்கில் அலைக்கழிக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள், அவர்களும் கட்டட்டும்.

அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புக்கான மாநில விதிகளில் இதைத் தெளிவாக எழுதுங்கள். செலவுத்தொகைக்கு ஒரு நியாயமான உச்சவரம்பு வையுங்கள். கோர்ட்டுக்கு வந்த நாள்களின் வருமான இழப்பையும் அதில் சேருங்கள். கொடுத்தாலும் மறுத்தாலும் காரணத்தை உத்தரவிலேயே எழுத வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள்.

இப்படிக்கு,
கோவை சிறுதொழில் முனைவோர் ஒருவர்