கயிறு இழுத்துக் கை ஓய்ந்தவர்கள் சார்பாக ஒரு மடல்

மானிய விலையில் தோளில் மாட்டும் களைவெட்டி, மண்ணைக் கிளறிக் களையெடுக்கும் பவர் வீடர், விசைத்தெளிப்பான் வழங்கும் அதிகாரிகளுக்கும், அவற்றை விற்கும் முகவர்களுக்கும்,

வணக்கம்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடத் தொழில். முதலில் மொபெட்டும் பைக்கும்தான் வந்தன. இப்போது வாசலில் நிற்பவற்றில் பாதி, நீங்கள் விழா வைத்துக் கொடுத்த இயந்திரங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழையில் களை தலைதூக்கியதும் இது நடக்கும். ஸ்கூட்டரின் முன்பக்கம் களைவெட்டியைக் குறுக்கே வைத்துக்கொண்டு ஒருவர் வருவார். "போன தையில நல்லாத்தானுங்க ஓடுச்சு. இப்ப ஸ்டார்ட் பண்ணக் கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டையே எறங்கிருச்சு" என்பார். நான் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். பெட்ரோல் வாசம் இருக்காது. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு நெடி. எப்ப ஊத்துன பெட்ரோல்ங்க என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, "பொங்கலுக்கு முன்னாடி ஊத்துனதுங்க" என்பார். அவ்வளவுதான், நோய் தெரிந்துவிட்டது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது.

அதற்குள் அவர் பிளக் மாற்றியிருப்பார், காயில் மாற்றியிருப்பார். சிலர் இயந்திரமே மட்டம் என்று முடிவு கட்டி மாட்டுக்கொட்டகை மூலையில் போட்டிருப்பார்கள். ஒரு மகளிர் குழு வாங்கிய பவர் வீடர் இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. ஒரே மாலையில் ஓடவைத்துக் கொடுத்தேன். அந்த அக்காக்களுக்கு மகிழ்ச்சியை விடக் கோபம்தான் அதிகம். "இதை அன்னைக்கே யாராச்சும் சொல்லியிருக்கலாமில்ல" என்றார்கள். இந்த மடல் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

கார்புரேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். உங்களில் பொறியியல் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பவர் வீடர் மாதிரியான இன்ஜினில் கார்புரேட்டருக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கிறது. குழந்தைக்கு மருந்து ஊட்டும் சங்கில் ஊற்றினால் இரண்டு மூன்று சங்குக்கு மேல் பெட்ரோல் பிடிக்காது. உள்ளே மிதவை ஒன்று. அது மேலேறினால் நீடில் என்ற ஊசி பெட்ரோலை அடைக்கும், இறங்கினால் திறக்கும். கிண்ணத்திலிருந்து பெட்ரோல், ஜெட் என்ற பித்தளைத் துளை வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. இயந்திரத்தை ஆறு மாதம் மூலையில் வைத்தால் பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். அந்தப் பிசினில் ஒரு துளி போதும், ஓட்டை மூடிக்கொள்ளும்.

இப்போது பெட்ரோலும் மாறிவிட்டது. 2022-இல் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் (கரும்பிலிருந்தும் எடுக்கும் ஆல்கஹால்) கலப்பை எட்டினோம். 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு அறிமுகமாகி நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. எங்கள் கரும்புக்காரர்களுக்கு அதனால் நாலு காசு வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், அதில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து கிண்ணத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜெட் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கழற்றிப் பார்த்தால் அலுமினியத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். டூ-ஸ்ட்ரோக் களைவெட்டியில் ஆபத்து இன்னும் அதிகம். இன்ஜின் தேயாமலிருக்கப் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் பெட்ரோலோடு மேலே நின்றுவிடுவதால், டேங்கின் அடியில் பிரிந்த கலவை ஆயில் இல்லாமல் உள்ளே போய் பிஸ்டனையே கடித்துவிடும்.

களைவெட்டியில் கிண்ணமும் கிடையாது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக, டயாபிரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வுதான் மிதவையின் வேலையைச் செய்கிறது. பழைய பெட்ரோலில் ஊறிக் காய்ந்தால் அது அப்பளம் மாதிரி விறைத்துவிடும். அப்புறம் எத்தனை கழுவினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றும் கிட் விலை அதிகமில்லை. எங்கள் ஊரில் கிடைக்காது என்பதுதான் தொல்லை. இயந்திரம் விற்ற கடையில் கேட்டால் முழு கார்புரேட்டரையே எடுத்துக் காட்டுகிறார்கள்.

நானும் தப்புச் செய்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் கிளட்ச் ஒயரில் ஒரு இழையைப் பிரித்து ஜெட்டுக்குள் விட்டுக் குத்தினேன். ஜெட் பித்தளை, இழை எஃகு. அடைப்பு போனது, ஓட்டையும் பெரிதானது. அந்த வண்டி அதற்கப்புறம் கரும்புகையாகக் கக்கியது, பிளக் வாரம் ஒருமுறை கரியானது. முதலாளி திட்டவில்லை, புது ஜெட்டுக்கான காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். இன்றும் பல பட்டறைகளில் அதே இழையால்தான் குத்துகிறார்கள். கார்புரேட்டர் கிளீனரை அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் காற்றுப் பிடித்தால் பெரும்பாலும் திறந்துவிடும். மசியாவிட்டால் மின்ஒயரில் ஒரு செம்பு இழை போதும். மிதவை, ஓ-ரிங், டயாபிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்த பிறகுதான் கிளீனரைத் தொட வேண்டும், தின்னராக இருந்தாலும் அப்படித்தான். பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் ஸ்குரூவைக் கழற்றும் முன் மெதுவாக முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும்.

இதை விவசாயி செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். வேலை முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வைக்கப் போகிறோம் என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். பிறகு கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் திருகி மிச்சத்தை வடிக்க வேண்டும். களைவெட்டி என்றால் டேங்கைக் கவிழ்த்துக் காலிசெய்துவிட்டு, நிற்கும்வரை ஓட்டினால் சரி. அப்படிக் காயவிட்டால் டயாபிரம் விறைக்கும் என்று வாதாடும் மெக்கானிக்குகளும் உண்டு. எத்தனாலில் ஆறு மாதம் ஊறுவதற்குக் காய்வதே மேல் என்பது என் அனுபவம். பத்து நிமிடம் ஓடி நின்றால் முதலில் டேங்க் மூடியைத் தளர்த்திப் பார்க்கலாம். 'புஸ்' என்று சத்தம் வந்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, கார்புரேட்டர் மேல் பழி இல்லை. காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டால் மட்டும் ஓடி, எடுத்ததும் அணைந்தால் ஜெட்டில் அழுக்கு.

நீங்கள் 40, 50 சதவீதம் மானியம் கொடுக்கிறீர்கள். இயந்திரத்தை ஒப்படைக்கும் நாளில் மாலை, படம், கைகுலுக்கல் எல்லாம் நடக்கிறது. கூடவே அரைமணி நேரம் ஒதுக்கி இந்த இரண்டு மூன்று விஷயத்தைக் கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். 'வேலை முடிந்தால் பெட்ரோலை வடி' என்று தமிழில் ஒரு ஸ்டிக்கர் டேங்கில் ஒட்டுங்கள். கூடவே வரும் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது, சிலதில் சீன எழுத்தும் இருக்கிறது. டயாபிரமும் கேஸ்கெட்டும் அடங்கிய கிட் ஒன்றை இயந்திரத்தோடு கொடுப்பதை முகவர்களுக்குக் கட்டாயமாக்குங்கள். வாடகைக்கு விடும் மையங்களில் இயந்திரம் திரும்பியதும் வடித்தோமா என்று நோட்டில் ஒரு கையெழுத்து வாங்கினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு புது பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை, கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. என்னிடம் வேலை பழக வரும் பையன்கள் வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் பிடிக்கிறார்கள். மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்து உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்று கேட்கத் தெரியவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை, அவர்கள் கைக்குக் கார்புரேட்டரே வருவதில்லை. வயலில் மட்டும்தான் அது மிச்சமிருக்கிறது. நீங்கள் நடத்தும் பயிற்சிகளில் இந்தப் பையன்களையும் சேருங்கள்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஊரில் இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். களைக்காலம் தொடங்கும் முன்னால் வரும் நாள் அது. அதற்கு முந்தைய வாரம் ஒரு கூட்டம் போட்டு, இயந்திரங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்பேனர் செட்டும், அறுத்துக் காட்ட ஒரு பழைய கார்புரேட்டரும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். கூலி வேண்டாம். நிழலும் ஒரு மேசையும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரன்