சேகர், பேக்பிளேன் நம்பரைப் பார்த்துவிட்டேன்

சுங்கை சிப்புட், பேராக்.

அன்புள்ள சேகர்,

தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் மழை வந்தால் கூடுகிறது, மற்றபடி எல்லோரும் சுகம். திருவிழாவுக்கு உன்னைக் காணோமே என்று கோயிலில் கேட்டார்கள். ஸ்டுடியோவில் கல்யாண சீசன் என்று சொல்லி வைத்தேன்.

கல்யாண வீடியோக்களைச் சேமிக்க நீ வாங்கிய பழைய சர்வர் பெட்டியின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சூப்பர்மைக்ரோ 846, ரேக் அளவில் நாலு யூ உயரம், முன்பக்கம் 24 டிஸ்க்குக்கு இடம். ரேக்கில் திருகுகிற ஒரு காது வளைந்திருக்கிறது, தகரத்தில் கீறல். அதெல்லாம் கிடக்கட்டும். உள்ளே நிற்கிற, டிஸ்க்குகள் செருகும் பச்சைப் பலகை, அதாவது பேக்பிளேன், எது என்பதைப் பொறுத்துத்தான் டிஸ்க்குகளை மதர்போர்டோடு இணைக்க இனி நீ வாங்கப்போகிற கார்டும் கேபிளும். இதே பெட்டி பல பேக்பிளேன்களோடு விற்கப்பட்டது. நம்பர் 846டிக்யூ என்றிருந்தால் டிஸ்க்குக்கு ஒன்றாக 24 தனிக் கேபிள் இழுக்கவேண்டும். 846ஏ என்றால் நாலு டிஸ்க்குக்கு ஒரு கேபிள், மொத்தம் ஆறு. அதற்கேற்ற போர்ட்டுகளும் கார்டில் வேண்டும். இஎல்1 என்றால் ஒரு இணைப்பைப் பல டிஸ்க்குக்குப் பங்கிடுகிற எக்ஸ்பாண்டர் சிப் பலகையிலேயே இருக்கிறது. ஒரே கேபிளில் 24 டிஸ்க்கும் ஓடும். உன் மூன்றாவது படத்தில் ஓரத்தில் எஸ்ஏஎஸ்2-846இஎல்1 என்று தெரிகிறது. எஸ்ஏஎஸ் என்பது சர்வர் டிஸ்க் இணைப்பு முறை, 2 என்பது அதன் 6 கிகாபிட் தலைமுறை. நல்லது. வெறும் எஸ்ஏஎஸ்-846இஎல்1 ஆக இருந்திருந்தால் அது பழைய 3 கிகாபிட் தலைமுறை. திருப்பிக் கொடுத்துவிடு என்றே எழுதியிருப்பேன்.

அடுத்த தலைமுறையான எஸ்ஏஎஸ்3 பலகைக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். உன் கேபிளில் நாலு தடம், ஒவ்வொன்றும் 6 கிகாபிட். நடைமுறையில் வினாடிக்கு 2,200 மெகாபைட் வரை போகும். எடிட்டிங் மேசைக்குப் போகிற கிகாபிட் லேனில் 115 மெகாபைட்டுக்கு மேல் எப்படியும் வராது. இருபத்துநாலு டிஸ்க்கையும் ஒரேநேரத்தில் படிக்கவைக்கிற சோதனையின்போது மட்டும் இந்தக் கேபிள் நெரிசல் தெரியும். அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு டிஸ்க் வாங்கு.

கார்டு எல்எஸ்ஐ 9211-8ஐ அல்லது 9207-8ஐ போதும். பழசாகவே வாங்கு. 1068இ சிப் உள்ள கார்டை யாராவது மலிவாகத் தந்தால் தொடாதே, 2 டெராபைட்டுக்கு மேல் அதற்குத் தெரியாது. கார்டில் ஐடி மோட் ஃபர்ம்வேர், அதாவது டிஸ்க்கை அப்படியே சிஸ்டத்துக்குக் காட்டுகிற உள்மென்பொருள், இருக்கவேண்டும். பல டிஸ்க்கை ஒன்றாக்குகிற ரெய்டு ஃபர்ம்வேர் இருந்தால் டிஸ்க்கை மறைத்துத் தன் கணக்கில் காட்டும். பதிப்பு 20.00.07.00 என்று சரிபார். அதே 20-இன் முதல் வெளியீடுகளில் பிழை இருந்தது. ஃபர்ம்வேரை அழித்து மாற்றுவதாக இருந்தால், அழிக்கும் முன் கார்டின் ஸ்டிக்கரில் உள்ள எஸ்ஏஎஸ் முகவரியை, அதாவது அந்தக் கார்டுக்கே உரிய எண்ணை, தாளில் எழுதிக்கொள். அழித்த பிறகு புதியது ஏறும்வரை மிசினை ரீஸ்டார்ட் பண்ணாதே. கார்டில் உள்ள டிஸ்க்கிலிருந்து மிசினைத் தொடங்க உதவுகிற பூட் ரோமை ஏற்றாமல் விட்டுவிட்டால் மிசின் சீக்கிரம் எழும். சிஸ்டம் எஸ்எஸ்டி மதர்போர்டிலேயே இருக்கும்போது அது தேவையுமில்லை.

கேபிளின் இரண்டு முனையும் எஸ்எஃப்எஃப்-8087 என்ற இணைப்பு வகையாக இருக்கவேண்டும். கடைக்காரர் நாலாகப் பிரிகிற கேபிளை எடுத்துத் தந்தால் வாங்காதே, இந்தப் பலகைக்கு அது உதவாது.

டிஸ்க் ஏற்றும் முன் பெட்டியைச் சுத்தம் பண்ணு. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உன் கடைமுன்னேதான் போகின்றன, அந்தச் செம்மண் தூசு எல்லாவற்றிலும் ஏறும். புளோவர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள். சும்மா சுழலவிட்டால் அது மின்சாரம் உண்டாக்கிப் பலகைக்குள் தள்ளும். பேக்பிளேனின் ஒவ்வொரு டிஸ்க் இணைப்பையும் டார்ச் அடித்துப் பார். பின் (உலோக ஊசி) வளைந்திருக்கலாம், பச்சைப் பூஞ்சணம் போலத் துரு இருக்கலாம், பல்லி முட்டை கூட இருக்கலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் போதும். வளைந்த பின் உள்ள இடத்தை டேப் ஒட்டி மூடிவிடு. நிமிர்த்தப் போனால் பக்கத்துப் பின்னும் போகும். உனக்கு இப்போது எட்டு டிஸ்க்தானே, இடத்துக்குப் பஞ்சமில்லை.

பேக்பிளேனுக்கு வருகிற மோலெக்ஸ் பவர் இணைப்புகளில் ஒன்றையும் விட்டுவைக்காதே. சிலது மட்டும் செருகினாலும் டிஸ்க் சுழலத்தான் செய்யும்; எண்ணிக்கை கூடியதும் அந்த ஒன்றிரண்டு இணைப்பு சூடேறிப் பழுப்பாகும். ஒரு டிஸ்க் எழும்பும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். எட்டுக்கு 192 வாட், பின்னால் 24 ஆனால் 576 வாட், சில வினாடிக்கு. யூபிஎஸ்ஸை அந்தக் கணக்கில் வாங்கு. ப்யூர் சைன் வேவ் வகை வேண்டும். மலிவான படிக்கட்டு அலை யூபிஎஸ்ஸில், கரண்ட் போன நொடியே இந்த வகைப் பவர் சப்ளை அணைந்துவிடக்கூடும். அப்புறம் யூபிஎஸ் வாங்கியதற்கு அர்த்தமே இல்லை.

இடி விஷயம் உனக்குச் சொல்லவேண்டியதில்லை, குளுவாங்கிலும் சாயங்காலமானால் இதே கதைதான். ஆனால் எல்லோரும் பிளக்கை மட்டும் கழற்றுவார்கள். கடைக்கு வெளியே கம்பம்வரை ஓடுகிற சிசிடிவி லேன் கேபிள் வழியாகவும் இடி உள்ளே வரும். அந்த கேமராக்களுக்குத் தனி சுவிட்ச் வை, அதற்கும் உள் சுவிட்சுக்கும் நடுவில் மின் சிக்னலை ஒளியாக மாற்றுகிற ஃபைபர் மீடியா கன்வர்ட்டர் ஒரு ஜோடி போடு. கண்ணாடி இழையில் மின்சாரம் தாண்டாது.

சத்தம் தாங்கவில்லை என்று ஃபேனை மாற்றப் போகிறாய், எனக்குத் தெரியும். நடுவில் 80 மில்லிமீட்டர் ஃபேன் மூன்று, பின்னால் இரண்டு. காதைக் குடைவது பெரும்பாலும் பவர் சப்ளைதான். 920பி-எஸ்க்யூ என்ற சத்தமில்லாத வகை இருக்கிறது, முதலில் அதைத் தேடு. நடு ஃபேன்களை மெதுவாக்கினால் முதலில் தவிப்பது எல்எஸ்ஐ கார்டு. அது சர்வர் காற்றை நம்பிச் செய்தது. அதன் ஹீட்சிங்கில் 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று கட்டிவிடு. இன்னொன்று, டிஸ்க் இல்லாத இடங்களிலும் வெற்று டிரேயைச் செருகியே வை. திறந்த ஓட்டை இருந்தால் காற்று சுலபமான வழியில் உள்ளே போய்விடும்; டிஸ்க்கு நடுவில் உள்ள ஒடுக்கமான சந்தில் போகாது. நம் ஊர்ச் சூட்டில் டிஸ்க் 45 டிகிரிக்குள் நின்றால் போதும்.

டிஸ்க் விஷயத்தில் இரண்டு குழப்பம் வரும். பெரிய ஸ்டோரேஜ் மிசினிலிருந்து கழற்றிய எஸ்ஏஎஸ் டிஸ்க்குகள், வழக்கமான 512 இல்லாமல், 520 பைட் செக்டரில் (டிஸ்க் தகவலைப் பிரித்துவைக்கிற துண்டு) இருக்கக்கூடும். கார்டு அடையாளம் காட்டும், ஆனால் உபயோகிக்க முடியாது. எஸ்ஜி-ஃபார்மட் என்ற கட்டளையில் அளவு 512 என்று கொடுத்து மாற்றலாம். மணிக்கணக்கில் ஓடும், நடுவில் கரண்ட் போகவே கூடாது. அடுத்தது, வெளி டிஸ்க் உறையை உடைத்து எடுத்த புது டிஸ்க் சில பேக்பிளேனில் சுழலாமல் செத்ததுபோல் கிடக்கும். பவர் பக்கம் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அது தன்னை அணைத்துக்கொள்ளும், வடிவமைப்பே அப்படி. அந்தப் பின்மேல் சூடு தாங்கும் கேப்டன் டேப் ஒட்டினால் சரி. சாதாரண செலோடேப் வேண்டாம், சூட்டில் பசை இளகி நகரும்.

வேலைக்கு எடுக்கும் முன் ஒவ்வொரு டிஸ்க்கிலும் பேட்பிளாக்ஸ் என்ற புரோகிராமின் எழுதிப் படிக்கும் சோதனையை ஓட்டு. அது உள்ளதையெல்லாம் அழிக்கும், ஆகவே காலி டிஸ்க்கில் மட்டும். நாலு முறை எழுதி நாலு முறை படிக்கும். 4 டெராபைட்டுக்கு இரண்டரை நாள் ஆகும், எட்டையும் ஒன்றாகவே ஓட்டலாம். முடிந்ததும் டிஸ்க் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில், கெட்ட செக்டர்களைச் சொல்லும் 5, 197, 198 மூன்று வரிகளையும் பார். கூடியிருந்தால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடு. 199-ஆம் வரி கூடினால் டிஸ்க்கைத் திட்டாதே, அது தகவல் போகிற பாதையில் உள்ள கோளாறு. அதே டிஸ்க்கை வேறு இடத்தில் செருகிப் பார். எண்ணிக்கை நின்றுவிட்டால் பழைய இடத்து இணைப்பில் கோளாறு. எல்லா டிஸ்க்கிலும் கூடிக்கொண்டே போனால் கேபிள் அல்லது கார்டு. 199-இன் எண்ணிக்கை ஒருபோதும் பூஜ்யத்துக்குத் திரும்பாது, ஆகவே தொடக்க எண்ணைக் குறித்து வை.

எட்டு டிஸ்க்கை இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் ஒரு ரெய்டுஇசட்2 தொகுப்பாகப் போடு, செக்டர் அளவைக் குறிக்கும் ஆஷிஃப்ட் 12. நாலு டெராபைட் எட்டில் 24 உனக்கு, இரண்டு டிஸ்க் போனாலும் வேலை நிற்காது. நிறைந்தால் அடுத்த எட்டை இரண்டாவது தொகுப்பாகச் சேர். ஒவ்வொரு டிரே முகப்பிலும் டிஸ்க்கின் சீரியல் நம்பரில் கடைசி நாலு எழுத்தை ஒட்டிவிடு. ஒன்று கெட்ட இரவில் எதை உருவுவது என்று திண்டாடமாட்டாய். கல்யாண வீடியோவின் இன்னொரு பிரதி எப்படியும் வேறு வீட்டில் இருக்கவேண்டும், உன் பழைய வெளி டிஸ்க்குகளை அதற்கு வைத்துக்கொள்.

ரேக் இன்னும் வாங்கவில்லையே? பெட்டி மட்டும் 660 மில்லிமீட்டர் ஆழம், பின்னால் கேபிள் மடங்க இடம் வேண்டும். சுவரில் மாட்டுகிற 600 ஆழ கேபினட் எந்தக் கடையில் தள்ளுபடி போட்டாலும் வாங்காதே. 1000 ஆழம் எடு, குறைந்தது 800. ரெயில் சேர்ந்து வரவில்லை என்றால் தட்டு ஒன்று போட்டு அதன்மேல் வை. தூக்கும்போது டிஸ்க்கையெல்லாம் கழற்றிவிட்டு இரண்டு பேராகத் தூக்குங்கள்.

பவர் சப்ளையின் பின்பக்க ஸ்டிக்கர் மட்டும் படத்தில் சரியாகத் தெரியவில்லை. அதை நெருக்கமாக ஒரு படம் எடுத்து அனுப்பு. எஸ்க்யூ வகை உன் பெட்டியின் பவர் இணைப்புப் பலகையில் உட்காருமா என்று பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மணியம்