போன் கவுன்சிலிங்கில தனிமையையும் கேளுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மனச்சோர்வு, பதகளிப்புக்கு இப்ப போனிலயே கவுன்சிலிங் குடுக்கினம், வன்னிக்கு அது பெரிய உதவி, ஒட்டுசுட்டான் பக்கத்தில இருந்து கிளினிக்குக்கு போய்வந்தா ஒருநாள் கூலி போயிடும், அங்க ஆரும் கண்டா என்ன நினைப்பினமோ எண்ட பயம் வேற. ஆனா அதில ஒரு குறை இருக்கு.

எங்கட பெரியம்மாவுக்கு கிழமைக்கு ஒருக்கா வீடியோ கோல். வீட்டுக்குள்ள சிக்னல் வராது, கிணத்தடியில கதிரையைப் போட்டு போனை வாளியில சாத்தி வச்சிட்டு இருப்பா. நித்திரை வருதோ, சாப்பிடுறீங்களோ, படபடப்பு இருக்கோ எண்டு எல்லாம் வடிவாத்தான் கேக்கினம். பெரியப்பாவும் மூத்த மகனும் 2009ல முள்ளிவாய்க்கால்ல போயிட்டினம், மகள் கனடாவில, பொழுதுபட்டா அந்த வளவில கதைக்க ஆளில்லை. அதை மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை.

உலகம் முழுக்க பாவிக்கிற மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ-9, பதகளிப்புக்கான ஜி.ஏ.டி-7 எண்ட கேள்விக்கொத்து ரெண்டிலயும் தனிமையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அதுக்கெண்டு வேற மூண்டு கேள்வி இருக்கு, துணையில்லை எண்டு எவ்வளவு தரம் தோணுது, ஒதுக்கி விட்ட மாதிரி இருக்கோ, மற்றாக்களிட்ட இருந்து பிரிஞ்சு நிக்கிற மாதிரி இருக்கோ, அவ்வளவுதான், ஒரு நிமிசம் போதும்.

தனிமை எண்டு சொன்னா உடன "நாலு பேரோட பழகுங்கோ அம்மா" எண்டு சொல்லி விடுறதும் காணாது. பெரியம்மா கலியாண வீட்டுக்குப் போனாலும் பின்வரிசையில இருந்திட்டு சாப்பிடாம வந்திடுவா, தாலியில்லாத நான் முன்னுக்கு நிண்டா ஆக்களுக்கு கரைச்சல் எண்ட நினைப்பு. அந்த நினைப்பைத்தான் முதல்ல தொடவேணும். 2011ல பல ஆய்வுகளை சேர்த்துப் பாத்தவையும் ஆக்களை சும்மா கூட்டி விடுறதை விட மற்றவையைப் பற்றி மனசுக்குள்ள ஓடுற தப்பான எண்ணத்தை மாத்துறதுதான் கூட பலன் தருது எண்டு கண்டவை, சுவீடன்ல தனிமைக்கெண்டே இன்டர்நெட் வழியா இப்பிடி சிகிச்சை குடுத்து 2020ல வந்த ஆய்விலயும் தனிமை குறைஞ்சிருக்கு. அப்ப போனில செய்யேலாது எண்டு சொல்ல வழியில்லை.

இதை நடத்திற ஆக்களிட்ட நான் கேக்கிறது, முதல் கோலிலயே அந்த மூண்டு கேள்வியையும் எங்கட பேச்சுத் தமிழில கேளுங்கோ, ரெண்டு மூண்டு கிழமையை அந்த நினைப்போட மினக்கெடுங்கோ, பிறகு மாதர் சங்கக் கூட்டமோ கோயில் பொங்கலோ அவையே சொல்லுற ஒரு இடத்துக்கு போக வையுங்கோ, போய் வந்த கதையை அடுத்த கோலில கேளுங்கோ. கிழமைக்கு கிழமை கவுன்சிலரை மாத்தாதேங்கோ, பெரியம்மா ஒவ்வொரு புது ஆளுக்கும் 2009ல இருந்து திரும்பச் சொல்லவேண்டிக் கிடக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முல்லைத்தீவு மாவட்டம்