சேற்றைச் சுற்றிப் போகாதீர்கள்

சிங்கப்பூரின் செஸ்நட் இயற்கைப் பூங்காவிலும் புக்கிட் தீமா இயற்கை வனத்திலும் மவுண்டன் பைக் ஓட்டும் நண்பர்களுக்கு,

வணக்கம். வார இறுதியானால் நானும் என் கணவரும் சைக்கிளோடு இந்தக் காட்டுப் பாதைகளுக்கு வந்துவிடுவோம். அவர் வேகமாகப் போவார், நான் நிதானமாகப் போவேன். மெதுவாகப் போகிறவளுக்குத் தரை நன்றாகவே கண்ணில் படும். அப்படிக் கண்ட ஒன்றைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். மழைக்குப் பிறகு பாதை நடுவே சேறு கிடந்தால், தயவுசெய்து அதைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்.

நடுவில் தண்ணீர் தேங்குகிறது. முதலில் வருபவர் கால் நனையாமல் இருக்க சைக்கிளை ஓரமாக ஒடிக்கிறார். ஓரத்தில் இருப்பது மிதிபட்டு இறுகிய மண் இல்லை. இலைச்சருகும் அதற்கடியில் பொலபொலவென்ற ஈர மண்ணும்தான். நாலு சக்கரம் ஏறினாலே சருகு விலகி மண் தெரிகிறது. அடுத்த மழையில் தண்ணீர் அங்கேயும் தேங்குகிறது. அப்புறம் வருபவர் இன்னும் ஓரமாக ஒடிக்கிறார். செஸ்நட்டில் ஒரு வளைவில் சைக்கிள் கைப்பிடியின் அகலமே இருந்த ஒற்றையடிப் பாதை, இரண்டு சைக்கிள் பக்கம் பக்கமாகப் போகும் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. விரிந்த இடத்தில் விரல் நீளக் கன்றுகள் சில, டயர் தடத்துக்குள் அப்படியே படுத்துக் கிடந்தன. ஓரத்து மரத்தின் வேர் தோலுரிந்து வெளியே நிற்கிறது. மழைக்காட்டு மரங்களின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயேதான் பரவுகிறது. அந்த மண் போனால் மரத்துக்குப் பிடிப்பில்லை. ஈரம் பட்ட வேரில் நம் சக்கரத்துக்கும் பிடிப்பில்லை.

இரண்டு முழம் காடு போனால் என்ன என்று கேட்காதீர்கள். புக்கிட் தீமா இயற்கை வனத்தின் பரப்பே ஏறக்குறைய 164 ஹெக்டர்தான். 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்து, பக்கத்துக் காட்டிலிருந்து அதைத் துண்டித்தது. எறும்புத்தின்னி சாலையைக் கடக்க 2013இல் மரம் நட்ட பாலம் ஒன்றே கட்ட வேண்டியிருந்தது. சரிவுகளையும் பாதைகளையும் சீர்படுத்துவதற்காக 2014 செப்டம்பரில் அந்த வனத்தை மூடினார்கள். முழுமையாகத் திறக்க 2016 அக்டோபர் ஆயிற்று. இவ்வளவு சின்னக் காட்டுக்குள் சைக்கிளுக்கென்றே பாதை கொடுத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு இன்றும் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, சேற்றில் எப்படிப் போவது? வரும்போதே வேகத்தைக் குறையுங்கள். இரண்டு பெடலையும் சமமாக வைத்து, எழுந்து நின்று, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, பிரேக்கைத் தொடாமல் நடுவிலேயே நேராகப் போங்கள். ஆழம் தெரியவில்லையா, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அதுவும் நடுவில்தான். சேறு டயரில் அப்பிக்கொண்டு சுழல விடவில்லை என்றாலோ, பின்னால் திரும்பிப் பார்த்தால் தடம் ஆழமாகப் பதிந்திருந்தாலோ, அன்றைக்குத் திரும்பிவிடுவதே நல்லது. தண்ணீர் குறுக்கே வழிந்து வெளியேற வேண்டும் என்று சரிவு பார்த்துப் போட்ட பாதையில், நம் டயர் தடம் வாய்க்காலாகிவிடும். தண்ணீர் அதன் வழியே ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

முந்திச் செல்வதும் இதே கதைதான். என் பின்னால் வந்து நிற்பவர்களில் சிலர் ஒரு வார்த்தை சொல்லாமல் செடிக்குள் இறங்கி என்னைத் தாண்டுகிறார்கள். பதறிப்போய் நானும் எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் இரண்டு ஓரமும் மிதிபடுகிறது. ஒருமுறை ஒரு பெரியவர் தூரத்திலேயே குரல் கொடுத்தார்: “பின்னால வரேம்மா, அவசரமில்ல, அகலமான இடத்துல வழி விடுங்க.” கொஞ்ச தூரத்திலேயே பாறை மேடு வந்தது, நின்றேன், அவர் போய்விட்டார். அவருக்கு அரை நிமிடம்கூட வீணாகியிருக்காது.

குழுவாகப் புதியவர்களை அழைத்து வருபவர்களிடமும், கணவரையோ மனைவியையோ முதல்முறை கூட்டி வருபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தலைக்கவசம் மாட்டும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். ஷூ நனையும், சட்டையில் சேறு தெறிக்கும், பரவாயில்லை என்று முதலிலேயே தெரிந்தால் யாரும் ஓரம் தேட மாட்டார்கள். செஸ்நட்டிலிருந்து கிளம்புவதற்கு முன் என் கணவர் இரண்டு பேருடைய ஷூவையும் கழுவிவிடுவார். ஐந்து நிமிட வேலை.

அன்புடன்,
உங்களோடு அதே பாதையில் ஓட்டும் ஒருத்தி