ஒரு பக்கக் கரையையாவது சேறாக விட்டுவையுங்கள்

புதுச்சேரி நகரத்து ஏரிகளைப் பேணும் பொறுப்பிலுள்ள அலுவலர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை முதல் மாசி வரை வேல்ராம்பட்டு ஏரிக்கரையில் விடியற்காலையில் நின்று பறவை பார்க்கும் ஒருவன் எழுதும் மடல் இது. தூர்வாருவதையும் கரை சீரமைப்பையும், வலசைப் பறவைகள் திரும்பிப் போய் நீரும் வற்றியிருக்கும் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு பக்கக் கரையையாவது சரிவும் சேறும் கோரையுமாக அப்படியே விட்டுவையுங்கள்.

சேற்றுக்காக ஏன் இப்படி மன்றாடுகிறேன் என்பதை விளக்கக் கோரை உள்ளான் ஒன்றே போதும். காய்ந்த புல்லின் நிறமும் கோடுகளும் கொண்ட அப்பறவை பத்தடியில் இருந்தாலும், அசையும்வரை கண்ணில் படாது. சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை, அது தன் நீண்ட அலகை அடிவரை சேற்றில் இறக்கித் தலையை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்ததைக் கால்மணி நேரம் பார்த்தேன். அதன் அலகு நுனி மண்ணுக்குள்ளேயே இரையைத் தொட்டறிந்து, திறந்து பிடிக்க வல்லது. கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்துவிட்டால், ஏரி ததும்பி நின்றாலும் அதற்கு இரை இல்லை. ஊசிவால் வாத்துக்கும் ஆழம் உதவாது. அது முக்குளிப்பானைப் போல் மூழ்கித் தேடாமல், பெரும்பாலும் தலைகீழாகக் கவிழ்ந்து கழுத்து எட்டும் அளவிலேயே மேயும்.

பறவைகளுக்குத்தான் 2008-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரி இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். பருவமழையில் அது நிரம்பி விளிம்புச் சேறு மூழ்கிவிடும் நாட்களில், உள்ளான்கள் சுற்றுவட்டாரத்துச் சிற்றேரிகளின் ஓரத்தைத்தானே நம்ப வேண்டும்?

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. வந்த பறவைகள் ஓரிடத்தில் நிலைகொண்டிருக்கும் மாதம் அது. அப்படியொரு ஜனவரியில், பெயர் குறிப்பிட விரும்பாத வேறோர் ஏரிக்கு எண்ணப் போனபோது, பொக்லைன் கோரையை வேரோடு வாரிக்கொண்டிருந்தது. ஒதுங்க இடமின்றி நீலத் தாழைக்கோழிகள் கரைச் சாலையில் ஓடியதை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆகாயத்தாமரையை அகற்றுவதை மனமார வரவேற்கிறேன். பணி தொடங்குமுன் தேதியை ஏரிக்கரைப் பலகையில் எழுதி வையுங்கள். எந்த விளிம்பில் எந்தப் பறவை மேய்கிறது என்று நேரில் வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வேல்ராம்பட்டு ஏரிக்கரைவாசி ஒருவன்